செட்டிநாட்டு வீட்டுக் கூடத்தில் வீணையை சாம்பிள் எடுக்க முடியுமா?

கேள்வியின் சுருக்கம் இது: காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய வீடு. கூடம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரம். முற்றத்தைப் பார்த்து நான்கு கதவுகள். ஸ்டுடியோ வாடகை கட்டுப்படியாகாது. அந்தக் கூடத்திலேயே வீணையை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிந்து, கீபோர்டில் வாசிக்கிற லைப்ரரியாக ஆக்க முடியுமா, என்னென்ன தேவை?

முடியும். லண்டன் ஏர் ஸ்டுடியோவின் லிண்ட்ஹர்ஸ்ட் ஹால் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம்தான். இன்று விற்கும் பல ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிகளில் கேட்பது அந்தக் கட்டடத்தின் ஒலி. எதிர்த்துருவத்தில், வியன்னா சிம்ஃபானிக் லைப்ரரிக்காரர்கள் எதிரொலி குறைந்த 'சைலன்ட் ஸ்டேஜ்' என்று தனிக்கூடமே கட்டிக்கொண்டார்கள். உங்கள் கூடம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மைக் வாங்குவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

கச்சேரியைப் பதிவதும் சாம்பிள் எடுப்பதும் ஒன்றல்ல. கச்சேரிப் பதிவில் தூரத்தில் ஒரு காகம் கத்தினால் ஒருமுறை கத்திவிட்டுப் போய்விடும். சாம்பிளில் அது பஞ்சமத்தின் வாலில், அதாவது தேய்ந்து அடங்கும் பகுதியில், சிக்கிக்கொண்டால், பஞ்சமத்தை அழுத்தும் போதெல்லாம் கத்தும். இரைச்சலும் அப்படித்தான். எட்டு ஸ்வரங்களின் வால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும்போது பின்னணி இரைச்சல் 9 டெசிபல் ஏறியிருக்கும். தந்தியின் நாதம் தேய்ந்துகொண்டே போகும், இரைச்சல் தேயாது. ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதிரொலி அழகாக இருக்கிறதா என்று கைதட்டிப் பார்ப்பதற்கு முன்னால், இரவு இரண்டு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா பதிந்து பாருங்கள். மெதுவாக மீட்டிய ஒரு ஸ்வரத்தின் உச்சிக்கும் அந்த அமைதிக்கும் 45 டெசிபலாவது இடைவெளி இருந்தால் வேலையைத் தொடங்கலாம். கைபேசி ஆப்பில் அளக்காதீர்கள். அவ்வளவு தாழ்ந்த ஒலியில் அது காட்டுவது பெரும்பாலும் தன் சொந்த மைக்கின் இரைச்சலைத்தான்.

இனி எதிரொலி. உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போடலாம். கூடத்தின் கன அளவு 324 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 306 சதுர மீட்டர் பரப்பு. வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் ஒலியை உறிஞ்சுவதே இல்லை எனலாம், படும் ஒலியில் உறிஞ்சும் பங்கு சராசரி 0.03 என்று வையுங்கள். 306-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 9.2. எதிரொலி நேரத்தைத் தரும் சபைன் சூத்திரப்படி 0.161 × 324 ÷ 9.2, அதாவது சுமார் 5.7 வினாடி. ஒரு ஸ்வரம் அடங்க ஆறு வினாடி பிடிக்கும் கூடத்தில் துரித கால வாசிப்பு கஞ்சியாகக் குழைந்துவிடும்.

முற்றத்துக் கதவு நான்கையும் திறந்தால்? ஒவ்வொன்றும் 1.2-க்கு 2.2 மீட்டர் என்றால் மொத்தம் பத்தரை சதுர மீட்டர். திறந்த வாசல் வழியே போன ஒலி திரும்பி வராது, அதனால் அந்தப் பரப்பு முழுவதும் உறிஞ்சுவதாகவே கணக்கு. உறிஞ்சல் 19.5 ஆகும், எதிரொலி 2.7 வினாடிக்கு இறங்கும். கதவை மூடிவிட்டு, ஆளுயரத்தில் இரண்டு சதுர மீட்டர் இலவம்பஞ்சு மெத்தைகள் பத்தை நிறுத்தினால் (0.6 என்று வையுங்கள்) உறிஞ்சலில் 12 கூடும், எதிரொலி இரண்டரை வினாடி. கதவைத் திறப்பதும் பத்து மெத்தையை நிறுத்துவதும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்கின்றன. ஆனால் திறந்த கதவு சில்வண்டையும் தெருநாயையும் உள்ளே விடும், மெத்தை விடாது. இருபது மெத்தை கிடைத்தால் 1.6 வினாடி. வீணைக்கு அதுதான் நல்ல அளவு. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பந்தல்காரரிடம் மெத்தை கிடைக்கும். பழசாக இருந்தாலும் கெட்டித்துப் போகாததாகப் பார்த்து எடுங்கள்.

மெத்தையைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள், கீழ் ஸ்தாயி ஒலியையும் கொஞ்சம் பிடிக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றையாவது மறைக்க வேண்டும். 6 மீட்டர் இடைவெளியில் மோதி மோதித் திரும்பும் ஒலி 34 மில்லி வினாடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கும். கைதட்டினால் 'டர்ர்ர்' என்று கேட்பது அதுதான். இது சாம்பிளில் ஏறிவிட்டால் எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. வாசிப்பவருக்குக் கீழே பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். அது மேல் ஒலியை மட்டும்தான் உறிஞ்சும் என்றாலும், தரையில் பட்டு மைக்குக்கு ஏறும் கூர்மையான பிரதிபலிப்பு மழுங்கும்.

கூடத்தின் நட்டநடுவில் உட்கார வைக்காதீர்கள். நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கில், அதாவது குட்டைச் சுவரிலிருந்து 4 மீட்டர், நெட்டைச் சுவரிலிருந்து 2.3 மீட்டர் அளவில், நீளத்தைப் பார்த்து உட்காரட்டும். இந்தக் கன அளவில், 1.6 வினாடி எதிரொலிக்கு, சுமார் 140 ஹெர்ட்ஸுக்குக் கீழே கூடம் தனித்தனி சுருதிகளில் அதிரும். 6 மீட்டர் அகலம் 58 ஹெர்ட்ஸில் ஒரு முறுக்கு முறுக்கும், நாலரை மீட்டர் உயரம் 78 ஹெர்ட்ஸில் இன்னொன்று. மூன்று கட்டை சுருதியில் (ஷட்ஜம் 'ஈ'), வீணையின் ஆகத் தாழ்ந்த தந்தியான அனுமந்திரத்தின் பஞ்சமம் 61.7 ஹெர்ட்ஸ், அடுத்த தந்தியான மந்திரத்தின் ஷட்ஜம் 82.4 ஹெர்ட்ஸ். இரண்டுமே ஆபத்தான பக்கத்தில்தான் நிற்கின்றன. அனுமந்திரத்தில் மெட்டு மெட்டாக (தண்டியின் மேல் விரல் அழுத்தும் உலோகப் பட்டைகள்) ஒரே அழுத்தத்தில் வாசிக்கச் சொல்லி, நடுத்தூர மைக்கின் மீட்டரைப் பாருங்கள். ஏதாவது ஒரு மெட்டு மட்டும் 5, 6 டெசிபல் துள்ளினால் ஆளையும் மைக்கையும் அரை மீட்டர் நகர்த்திப் பாருங்கள். பின்னால் ஈக்யூ (குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால், அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் ஈக்யூ போட்டது தெரியும்.

மைக் தூரத்துக்கும் கணக்கு உண்டு. நேரொலியும் எதிரொலியும் சமமாகும் தூரம், கன அளவை எதிரொலி வினாடியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057-ஆல் பெருக்கினால் வரும். 1.6 வினாடிக் கூடத்தில் 81 செ.மீ. முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் என்றால் அதைப்போல 1.7 மடங்கு, கிட்டத்தட்ட 1.4 மீட்டர். இதை வைத்து மூன்று இடங்கள் சொல்கிறேன்.

அருகில், 45 செ.மீ. தூரத்தில், ஒரே ஒரு மைக். குதிரைக்கும் மீட்டும் இடத்துக்கும் நடுவே குறிவைத்து மேலிருந்து சாய்வாக. குதிரையின் உலோகத் தகட்டையே நேராகப் பார்த்தால் மீட்டின் 'டிங்' சத்தம் நாதத்தை விழுங்கிவிடும். இங்கே ஸ்டீரியோ வேண்டாம்: கிட்டத்தில் இரண்டு மைக் வைத்தால் மெட்டு மாற மாற ஸ்வரம் இடம் வலமாக ஓடும். அடுத்து 1.1 மீட்டரில் ஓஆர்டிஎஃப் ஜோடி (ஸ்டீரியோவுக்காக விரித்து வைக்கும் இரண்டு கார்டியாய்டு மைக்), 17 செ.மீ. இடைவெளி, 110 பாகை விரிவு. லைப்ரரியில் பெரும்பாலானோர் கடைசியில் கேட்கப்போவது இதைத்தான், அதனால் நல்ல மைக் இங்கே போகட்டும். மூன்றாவது, 3 மீட்டர் தள்ளி, இரண்டு மீட்டர் உயரத்தில், அரை மீட்டர் இடைவெளியில், எல்லாத் திசையும் கேட்கும் ஆம்னி மைக் இரண்டு. அதில் வருவது ஏறக்குறைய கூடம் மட்டுமே. அது அருகு மைக்கைவிட 7 மில்லி வினாடி பிந்தி வரும். பிந்தட்டும், இழுத்துச் சேர்க்காதீர்கள், தூரம் என்ற உணர்வே அதில்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மோனோவாக்கி ஒருமுறை கேளுங்கள். ஏதாவது ஸ்வரம் உள்வாங்கினால் மைக்கை நகர்த்துங்கள்.

மைக் வாங்கும்போது விலையைவிட அதன் சொந்த இரைச்சல் எண்ணைப் பாருங்கள். ரோட் என்டி1-ஏ 5 டெசிபல். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள நாய்மன் கேஎம் 184 13 டெசிபல். ரோட் என்டி5 16 டெசிபல். பாட்டுப் பதிவில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. மெதுவாக மீட்டிய வீணை பன்னிரண்டு வினாடி தேயும்போது நன்றாகவே தெரியும்.

வீணைப் பக்கம் வருவோம். பதிவுக்கு முந்தைய வாரம் மேளம் கட்டியிருந்தால், அதாவது மெட்டுகளைப் புதிதாகப் பதித்திருந்தால், நல்லது. மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருப்பவை. வீடியோவுக்கென்று யாராவது ஆலோஜன் விளக்கைக் கொண்டுவந்து தண்டியின் மேல் அடித்தால் மெழுகு இளகி, அழுத்த அழுத்த மெட்டு நகரும். மூன்றாவது மணி நேரத்தில் பதிந்த காந்தாரம் முதல் மணி நேரத்துக் காந்தாரமாக இருக்காது. எல்ஈடி விளக்கு போதும், அதுவும் டிம்மர் இல்லாமல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி பாருங்கள். தந்தியை முறுக்கும் பிருடையைத் தொடாமல், நுண்சுருதி சேர்க்கும் லங்கரை நகர்த்தியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

பக்கத்துத் தாளத் தந்திகள் மூன்றையும் பருத்தித் துணி நாடாவால் லேசாக அடக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்வரத்திலும் அவற்றின் ரீங்காரம் பதிந்து, கீபோர்டில் ஐந்து ஸ்வரம் சேர்ந்ததும் தேனீக்கூடாகிவிடும். தாளத் தந்திகளைத் தனியாகப் பதிந்துகொள்ளலாம். முக்கியத் தந்திகள் நான்கையும் அடக்காதீர்கள். அவை ஒன்றுக்கொன்று அதிர்வதுதான் வீணை நாதம். வாசிப்பவர் வளையல், கடிகாரம் கழற்ற வேண்டும். பட்டுப்புடவை வேண்டாம், நைந்த பருத்திப் புடவையோ வேட்டியோ நல்லது. இடதுகை விரலுக்குத் தேங்காய் எண்ணெய் வழக்கம்போல இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு இடைவேளைக்குப் பின்னும் ஒரே அளவு. உலர்ந்த விரலின் உரசலும் எண்ணெய் விரலின் உரசலும் அருகு மைக்கில் வேறு வேறு வீணைபோலக் கேட்கும்.

எத்தனை ஸ்வரம்? முதல் தந்தியான சாரணியில், மெட்டை அழுத்தாத திறந்த தந்தியும் 24 மெட்டும் சேர்த்து 25. பஞ்சமம், மந்திரம், அனுமந்திரம் என்ற மற்ற மூன்று தந்திகளிலும் பன்னிரண்டாம் மெட்டு வரை போதும், தலைக்கு 13. மொத்தம் 64. அழுத்தம் மூன்று: மெதுவாக, நடுத்தரம், ஓங்கி. நாலாவது அடுக்கு எடுத்தால் வீணையில் ஒலி அளவுதான் மாறும், நிறம் மாறாது, நேரம் வீண். ஒவ்வொன்றுக்கும் நான்கு சுற்று. ஆள்காட்டி விரலில் இரண்டு, நடுவிரலில் இரண்டு என்று எடுத்தால், நிஜ வாசிப்பில் வரும் மாறுபாடு தானாக வந்துவிடும். 64 × 3 × 4 = 768 மீட்டல். தேய்ந்து அடங்குவதற்கும் சேர்த்துச் சராசரி 16 வினாடி என்றால் 3 மணி 25 நிமிடம். திரும்ப எடுப்பது, சுருதி பார்ப்பது, லாரி போகும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விரல் ஒரே அழுத்தத்தில் நிற்காது. அதனால் மூன்று இரவு.

மெட்டு ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து, நடுவில் உள்ளதை மென்பொருளில் இழுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். எதிரொலியே இல்லாத அறையில் அது நடக்கும். கூடத்தில் பதிந்த சாம்பிளை இழுத்தால் ஸ்வரத்தோடு கூடமும் சேர்ந்து இழுபடும். பக்கத்து ஸ்வரத்துக்குப் போனால் சுவர்கள் நகர்ந்ததுபோல இருக்கும். இதே காரணத்தால்தான் கமகத்தை, கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச்-பெண்ட் சக்கரத்தில் வரவழைப்பது பொம்மைபோலக் கேட்கிறது. தந்தியை மெட்டின் மேல் இழுக்கும்போது சுருதி மட்டுமே ஏறுகிறது, குடத்தின் அதிர்வு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் குடமும் சேர்ந்து சுருங்குகிறது. ஆகவே இழுப்புகளைத் தனியாகப் பதியுங்கள்: சாரணியில் அதிகம் புழங்கும் 12 மெட்டுகளில், அரை ஸ்வரம் முதல் நான்கு அரை ஸ்வரம் வரை நான்கு அளவு, வேகம் இரண்டு, அழுத்தம் இரண்டு. 192 இழுப்பு, இன்னொரு மணி நேரம். தந்தியில் விரலை வழுக்கிக்கொண்டு போகும் ஜாரு தனி. இவ்வளவும் எடுத்த பிறகும் கமகமே உயிரான தோடி ராகம் முழுசாக வராது என்பதை வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நாணயம்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஐந்து சேனலுக்கு மணிக்கு 5.2 ஜிபி ஆகும். மிக ஓங்கிய மீட்டல் மீட்டரில் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வைத்து, குமிழின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். மூன்று இரவும் அதைத் தொடக் கூடாது. மெதுவான அடுக்குக்குக் கெயினைக் கூட்டினால் அடுக்குகளுக்கிடையே உள்ள இயல்பான ஏற்றத்தாழ்வு போய்விடும். மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும், 15 மீட்டர் கேபிள் இழுத்து இரண்டாங்கட்டில் வையுங்கள். இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். 50, 100 ஹெர்ட்ஸ் முனகல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாவிட்டால் மெயினையே இறக்கிவிட்டு பேட்டரி விளக்கில் வேலை பாருங்கள். ஹெட்போனில் கிளிக் கொடுத்தால் மெதுவான ஸ்வரத்தில் அது கசிந்து பதியும். கைபேசித் திரையில் மின்னும் ஒளியே தாளம் காட்டப் போதும்.

ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் "சாரணி, ஏழாம் மெட்டு, ஓங்கி" என்று சொல்லிப் பதியுங்கள். 768 துண்டுகளை வெட்டும்போது அந்தக் குரல்தான் காப்பாற்றும். ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் ஒரு நிமிட வெற்று அமைதி எடுங்கள். இரைச்சலை மென்பொருளில் குறைப்பதானால் அந்த ஒரு நிமிடத்தை மாதிரியாகக் காட்டி, 3 முதல் 6 டெசிபலுக்கு மேல் போகாமல், எல்லாத் துண்டுக்கும் ஒரே அமைப்பில். ஒரு ஸ்வரத்துக்கு அதிகமாகவும் அடுத்ததற்குக் குறைவாகவும் துடைத்தால் அழுக்கைவிடத் துடைத்த தடம் பெரிதாகத் தெரியும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். மார்கழி வேண்டாம், விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். ஆடியும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தவளையும் சில்வண்டும் இரவு முழுக்க ஓயாது. கத்திரி வெயிலில் சுவர் பகலில் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்கும், மெழுகுக்கும் சுருதிக்கும் ஆகாது. தை பாதிக்கு மேல் நல்ல காலம். உள்ளூர்க் கோயிலில் எதுவும் இல்லையே என்று காவல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் இரவு ஒன்று முதல் நாலு.

முதல் இரவிலேயே 768-ஐயும் தொடங்கிவிடாதீர்கள். சாரணியில் எட்டு ஸ்வரம், மூன்று அழுத்தம், இரண்டு சுற்று: 48 மீட்டல் மட்டும் எடுத்து, மறுநாள் பகலில் வெட்டி, இலவசமாகக் கிடைக்கும் டீசென்ட் சாம்ப்ளர் மென்பொருளிலோ, சாம்பிள்களை அடுக்கும் எஸ்எஃப்இசட் கோப்பாகவோ ஏற்றி, கீபோர்டில் வேகமாக வாசித்துப் பாருங்கள். தனித்தனியாகக் கேட்கும்போது தெரியாத குறைகள், வால் நீளம், முனகல், ஒரே ஸ்வரம் துள்ளுவது எல்லாம் அப்போது முகத்தில் அடிக்கும். எதிரொலி அதிகமென்று பட்டால் இரண்டாம் இரவுக்கு இன்னும் ஐந்து மெத்தை. கூடம் எப்படியும் சரிவரவில்லை என்றால், வாசிப்பவர் இடத்தில் ஒரு ஸ்பீக்கர் வைத்து 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை அரை நிமிடம் ஏறும் ஸ்வீப்பை ஓட்டிக் கூடத்தின் இம்பல்ஸை, அதாவது அதன் எதிரொலி முத்திரையை, மட்டும் பதிந்துகொண்டு, வீணையைப் படுக்கையறையில் மெத்தைகளுக்கு நடுவே எதிரொலியில்லாமல் உலர்வாக எடுத்து, பிறகு கூடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அது தோற்றுப்போனவர்களின் வழி இல்லை, பல சமயம் நல்ல வழியே அதுதான்.

வெட்டும்போது மீட்டலுக்கு முன் 2 மில்லி வினாடி விட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொடங்குங்கள். அருகு மைக்கில் வெட்டும் இடத்தை வைத்தே மற்ற நான்கு சேனலையும் வெட்ட வேண்டும், தனித்தனியாக வெட்டினால் அந்த 7 மில்லி வினாடி போய்விடும். சுருதியை அளப்பது மீட்டிய ஒரு வினாடிக்குப் பிறகு; ஓங்கி மீட்டினால் தந்தி விறைத்துத் தொடக்கத்தில் சற்று உயர்ந்தே நிற்கும். 5 சென்ட்டுக்கு (அரை ஸ்வரத்தில் நூறில் ஐந்து பங்கு) மேல் விலகியதை மட்டும் திருத்துங்கள். கோப்புப் பெயரில் ஸ்வரத்தை எழுத்தாக எழுதாமல், கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ள மிடி எண்ணாக எழுதுங்கள். நடு ஸ்தாயி 'சி' எல்லா மென்பொருளிலும் எண் 60, ஆனால் சிலவற்றில் அதன் பெயர் சி3, சிலவற்றில் சி4. மூன்று கட்டை வீணைக்கு அனுமந்திரப் பஞ்சமம் 35, சாரணி ஷட்ஜம் 52, இருபத்து நாலாம் மெட்டு 76.

வாசிப்பவருக்கு ஒரு இரவுச் சம்பளம் கொடுத்துவிட்டு அத்தோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அவர் மீட்டிய ஒவ்வொரு ஸ்வரமும் யார் யாரோ பாட்டில் விலைக்குப் போகும். பதிவுக்கு முன்பே, எந்தெந்தப் பயன்பாட்டுக்கு, ஒரே தொகையா விற்பனையில் பங்கா, பெயர் போடுவதா இல்லையா என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். முதல் இரவு 48 மீட்டலைத் தொடங்குவதற்கு முன் அந்தத் தாள் தயாராக இருக்க வேண்டும்.